தலைமை நிரல் சாய்ந்தால் ஏடு என்னாகும்? – தரவுத்தள மீட்பின் வரலாறு



மதிப்பெண் பதியும் காலம் வந்துவிட்டால் நம் ஆசிரியர் அறைகளில் இரண்டு தொடர்கள் ஓயாமல் ஒலிக்கும். ஒன்று, "சேமிச்சாச்சா?" மற்றொன்று, "சர்வர் விழுந்துடுச்சு!" இரண்டாவது தொடர் காதில் விழுந்தவுடன் அறை முழுவதும் ஒரு பெருமூச்சு எழும். மூன்று வகுப்புகளின் மதிப்பெண்களை உட்கார்ந்து தட்டியெழுதியவர், எல்லாம் போய்விட்டதோ என்று கலங்குவார். பெற்றோர்களும் என்னிடம் இதே கேள்வியை வேறு விதமாகக் கேட்டதுண்டு: "சார், கணினி நின்னுபோச்சுனா எங்க பிள்ளையோட மார்க் காணாமப் போயிடுமா?"

இது எளிய கேள்வி போல் தோன்றுகிறது. ஆனால், இதற்கு உறுதியான விடை காணக் கணினி அறிஞர்கள் பல்லாண்டுகள் உழைத்திருக்கின்றனர். அவ்வுழைப்பின் வரலாற்றைத்தான் இப்பதிவில் சொல்ல முனைகிறேன். நான் தமிழாசிரியன், கணினித் துறையில் பட்டம் பெற்றவன் அல்லன். ஆயினும் ஏடு எழுதுவதும் ஏட்டைக் காப்பதும் நம் பணியில் பாதி அல்லவா? அந்த உரிமையில் இதனை எழுதுகிறேன்.

விழுவது எது?

தரவுத்தளம் என்பது ஒழுங்காக அடுக்கப்பட்ட ஏடுகளின் தொகுப்பு. அதனைக் காத்து, கேட்டவர்க்கு எடுத்துக் கொடுத்து, மாற்றம் சொன்னால் மாற்றி எழுதும் மென்பொருளே தரவுத்தள வழங்கி. பல வழங்கிகளில் வாயிற்படியில் ஒரு தலைமை நிரல் நிற்கும். வெளியிலிருந்து யாரேனும் உள்நுழைந்தால் அவருக்கென ஒரு பணி நிரலை அது அமர்த்திக் கொடுக்கும். பணி நிரல் செயலிழப்பது ஓர் ஆசிரியர் மயங்கி விழுவது போன்றது. தலைமை நிரல் செயலிழப்பதோ தலைமையாசிரியரே மயங்கி விழுவது போன்றது.

ஏன் விழுகிறது? நிரலிலேயே ஒளிந்திருக்கும் பிழை, மின்தடை, வன்தட்டுக் கோளாறு எனக் காரணங்கள் பல. நினைவகம் போதாமல் போனால் லினக்ஸ் போன்ற இயக்குதளம் தானே ஏதேனும் ஒரு நிரலைப் பலிகொடுத்து மற்றவற்றைக் காப்பாற்றும். சில வேளைகளில் அந்தப் பலி தரவுத்தளமாகவே அமைந்துவிடுவதுண்டு.

விழும்போது எது அழிகிறது என்பதை அறிய நம் வகுப்பறையையே எண்ணிப் பார்க்கலாம். கரும்பலகையில் எழுதுவது விரைவு. ஆனால் துடைத்தால் போயிற்று. பதிவேட்டில் மையால் எழுதுவது மெதுவு, ஆனால் நிற்கும். கணினியின் நினைவகம் கரும்பலகை, வன்தட்டு பதிவேடு. வழங்கி விரைவுக்காகக் கரும்பலகையில் வேலை செய்துவிட்டு, ஓய்வு கிடைக்கும்போது பதிவேட்டில் படியெடுக்கிறது. அந்த இடைவெளியில் நிரல் சாய்ந்தால் கரும்பலகை துடைக்கப்பட்டுவிடும்.

இதைவிடக் கொடிய நிலை ஒன்றும் உண்டு. ஒரு மாணவனை 4 கம்பர் வகுப்பிலிருந்து 4 வள்ளுவர் வகுப்புக்கு மாற்றுகிறோம் என்று கொள்வோம். முதலில் கம்பர் பட்டியலில் பெயரை நீக்க வேண்டும். பிறகு வள்ளுவர் பட்டியலில் சேர்க்க வேண்டும். முதல் வேலை முடிந்து இரண்டாவது தொடங்குமுன் வழங்கி சாய்ந்தால், அந்த மாணவன் எந்த வகுப்பிலும் இல்லை! முற்றும் அழிந்த ஏட்டைக் கண்டால் நமக்கு ஐயமாவது பிறக்கும். பாதி எழுதிய ஏடோ பார்வைக்கு நல்ல ஏடு போலவே இருக்கும்; நாமும் நம்பி ஏமாறுவோம். இந்தப் பாதி ஏட்டை ஒழிப்பதே இவ்வரலாற்றின் மையம்.

தாத்தா, தந்தை, மகன்

தொடக்கக் காலத்தில் இச்சிக்கல் இவ்வளவு கடுமையாக இல்லை. 1950களிலும் 1960களிலும் நிறுவனக் கணக்குகள் காந்த நாடாக்களில் இருந்தன. பகலில் சேர்ந்த மாற்றங்களைத் துளையட்டைகளில் குத்தி வைப்பர். இரவில் பழைய நாடாவையும் அட்டைகளையும் ஒருசேரப் படித்து, புத்தம்புதிய நாடா ஒன்றில் முழுக் கணக்கையும் எழுதுவர். பழைய நாடாவில் எவரும் கை வைப்பதில்லை. நடுவில் இயந்திரம் நின்றுபோனால், அரைகுறையான புதிய நாடாவைத் தள்ளிவிட்டு முதலிலிருந்து தொடங்கலாம். மூன்று தலைமுறை நாடாக்களைப் பாதுகாப்பர். அவற்றுக்குத் தாத்தா, தந்தை, மகன் என்றே பெயர். மகன் கெட்டால் தந்தை, தந்தையும் கெட்டால் தாத்தா.

இம்முறையைக் குலைத்தது வேகம். 1960களில் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் நிறுவனமும் ஐபிஎம் நிறுவனமும் இணைந்து உருவாக்கிய 'சேபர்' முன்பதிவு முறையில், விமான இருக்கைகள் அந்தந்த நொடியிலேயே விற்கப்பட்டன. இரவு வரை காத்திருக்க இயலாது. அப்போல்லோ நிலவுப் பயணத் திட்டத்தின் எண்ணற்ற உதிரிப் பாகங்களைக் கணக்கிட, ஐபிஎம் மற்ற நிறுவனங்களுடன் சேர்ந்து உருவாக்கிய ஐஎம்எஸ் என்னும் தரவுத்தளம் 1968இல் இயங்கத் தொடங்கியது. இத்தகைய முறைகளில் பழைய ஏட்டின் மீதே புதியதை எழுதினர். தந்தையும் மகனும் ஒரே ஏடாகிவிட்டனர். நடுவில் சாய்ந்தால் திரும்பிப் போக இடமில்லை.

முதலில் நாட்குறிப்பு, பிறகு ஏடு

1970இல் ஐபிஎம் ஆய்வாளர் எட்கர் காட், தரவுகளை அட்டவணைகளாகக் காணும் உறவுசார் கோட்பாட்டை வெளியிட்டார். அதனைச் செயல்படுத்திக் காட்ட 1974இல் கலிபோர்னியாவின் சான் ஓசே ஆய்வகத்தில் 'சிஸ்டம் ஆர்' என்ற திட்டம் தொடங்கியது. அதில் மீட்புப் பணிக்குப் பெரும் பங்களித்தவர் ஜிம் கிரே. இக்கட்டுரையின் நாயகர்களுள் முதல்வர் அவரே.

சிஸ்டம் ஆர் குழுவினர் இரண்டு வழிகளை ஆராய்ந்தனர். முதலாவது 'நிழற்பக்க' முறை. ஒரு பக்கத்தை மாற்ற வேண்டுமானால் அதன் மீது எழுதாமல் வேறோர் இடத்தில் புதிய பக்கத்தை எழுதுவர். எல்லாம் முடிந்த பிறகு பொருளடக்கத்தை மட்டும் புதிய பக்கத்தை நோக்கித் திருப்புவர். இடையில் சாய்ந்தால் பழைய பொருளடக்கமும் பழைய பக்கமும் அப்படியே இருக்கும். பழைய நாடா முறையின் சாயல் இதில் தெரிகிறது அல்லவா?

இரண்டாவது, பதிவேட்டு முறை. எந்த மாற்றத்தையும் ஏட்டில் செய்வதற்கு முன், "இன்னதை இன்னவாறு மாற்றப் போகிறேன், முன்பு இப்படி இருந்தது" என்று ஒரு நாட்குறிப்பில் எழுதி, அந்தக் குறிப்பு வன்தட்டில் ஏறியதை உறுதிசெய்துகொள்ள வேண்டும். அதன் பின்னரே ஏட்டின் பக்கம் வன்தட்டில் மாறலாம். நாட்குறிப்பில் "இப்பணி நிறைவுற்றது" என்ற வரி ஏறியதும்தான் பயனருக்குச் "சேமிக்கப்பட்டது" என்று சொல்லலாம்.

இது வேலையை இரட்டிப்பாக்குவது போல் தோன்றும். உண்மையில் இதனால் வேகம் கூடுகிறது. ஏட்டின் பக்கங்கள் வன்தட்டில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறிக் கிடக்கும். ஒவ்வொன்றையும் தேடிச் சென்று எழுத நேரமாகும். நாட்குறிப்போ வரிக்குக் கீழ் வரியாகத் தொடர்ந்து எழுதப்படுவது. அதை உடனே எழுதிவிட்டு, ஏட்டின் பக்கங்களைப் பின்னர் ஆற அமர எழுதலாம்.

சிஸ்டம் ஆர் இரு முறைகளையும் கலந்தே பயன்படுத்தியது. 1981இல் வெளியான ஆய்வுக் கட்டுரையில் அக்குழுவினர் தம் அனுபவத்தைத் திறந்த மனத்துடன் எடைபோட்டனர். பெரிய தரவுத்தளங்களுக்கு நிழற்பக்க முறையின் செலவு மிகுதி, பதிவேட்டு முறையே ஏற்றது என்பது அவர்கள் கண்ட முடிவு. 1983இல் தியோ ஹெர்டர், ஆந்திரியாஸ் ராய்ட்டர் என்ற இரு ஜெர்மானிய அறிஞர்கள், ஒரு பரிவர்த்தனைக்கு இருக்க வேண்டிய நான்கு பண்புகளை 'ஆசிட்' என்ற ஒரு சொல்லில் அடக்கினர். முழுமை, முரணின்மை, தனிமை, நிலைபேறு என்று அவற்றைத் தமிழில் சொல்லலாம். நம் மாணவன் எடுத்துக்காட்டில், இரு வகுப்பிலும் மாற்றம் நிகழும் அல்லது எதிலும் நிகழாது என்பது முழுமை. "சேமிக்கப்பட்டது" என்று சொன்ன பிறகு மின்சாரமே போனாலும் சொன்ன சொல் மாறாது என்பது நிலைபேறு.

"சரியாகச் செய், இல்லையேல் நின்றுவிடு"

ஏட்டைக் காக்கும் வழி கிடைத்துவிட்டது. விழுந்த நிரலை என்ன செய்வது?

1974இல் தொடங்கப்பட்ட டேண்டம் என்ற நிறுவனம் இதற்கென்றே கணினிகளை உருவாக்கியது. அதன் 'நான்ஸ்டாப்' கணினிகளில் முக்கிய நிரல்கள் இணைகளாக இயங்கின. ஒன்று வேலை செய்யும். மற்றொன்று வேறொரு செயலகத்தில் காத்திருக்கும். வேலை செய்வது தான் எதுவரை வந்திருக்கிறது என்பதை அவ்வப்போது துணைக்குச் சொல்லிவைக்கும். செயலகங்கள் "நான் உயிரோடிருக்கிறேன்" என்று ஒன்றுக்கொன்று சீராகச் செய்தி அனுப்பும். செய்தி நின்றால் துணை பொறுப்பை ஏற்கும். அவை நினைவகத்தைப் பகிர்ந்துகொள்வதில்லை என்பது குறிப்பிடத்தக்கது. ஒருவரின் கரும்பலகையில் ஏற்பட்ட கிறுக்கல் மற்றவரின் கரும்பலகைக்குத் தாவக்கூடாது என்பதே காரணம்.

1980இல் டேண்டமில் சேர்ந்த ஜிம் கிரே, 1985இல் ஓர் அறிக்கை எழுதினார். கணினிகள் ஏன் நின்றுபோகின்றன என்பதே அதன் பொருள். வாடிக்கையாளர்களிடம் இயங்கிய கணினிகளின் செயலிழப்புகளை வகைப்படுத்தி, ஏறத்தாழ 42 விழுக்காடு நிருவாகத்தாலும் மனிதர் கையாலும் நேர்ந்தவை என்று காட்டினார். மென்பொருட் பிழை சுமார் 25 விழுக்காடு. வன்பொருள் சுமார் 18 விழுக்காடு மட்டுமே. மென்பொருட் பிழைகள் 132ஐ எடுத்து ஆராய்ந்தபோது, ஒன்றைத் தவிர மற்றவையெல்லாம் மறுபடி தொடங்கினால் மறைந்துவிடும் வகையினவாக இருந்தன. "அணைத்துவிட்டுத் திரும்பப் போடுங்கள்" என்று நம் பள்ளிக் கணினி அறையில் சொல்லும் வைத்தியத்துக்கு இப்படியோர் ஆய்வுச் சான்று இருப்பதை எண்ணி நான் வியந்ததுண்டு.

அவர் வலியுறுத்திய கொள்கை ஒன்று: ஒரு நிரல் சரியாகச் செய்ய வேண்டும், தவறு நேர்ந்தது தெரிந்தால் அக்கணமே நின்றுவிட வேண்டும். தவறோடு தொடரக்கூடாது.

1998இல் கணினி உலகின் மிக உயரிய டூரிங் விருது ஜிம் கிரேக்கு வழங்கப்பட்டது. 2007 சனவரி 28ஆம் நாள், மறைந்த தம் தாயாரின் அஸ்தியைக் கடலில் கரைக்கத் தனியே பாய்மரப் படகில் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து புறப்பட்டார், திரும்பவில்லை. அவருடைய நண்பர்களும் தன்னார்வலர்களும் செயற்கைக்கோள் படங்களைத் துருவித் தேடியும் படகு கிடைக்கவில்லை. இழந்ததை மீட்கும் வழியை உலகுக்குக் கற்பித்தவரை உலகத்தால் மீட்க முடியாமற்போனது நெஞ்சைத் தொடும் செய்தி.

தமிழ்நாட்டில் பிறந்தவர் தந்த முறை

சாய்ந்த வழங்கி மீண்டும் எழும்போது நாட்குறிப்பை எப்படிப் படிக்க வேண்டும்? இதற்கு முழுமையான விடையளித்தது 'ஏரிஸ்' என்ற முறை. 1992 மார்ச்சில் 69 பக்கங்கள் கொண்ட ஆய்வுக் கட்டுரையாக வெளிவந்தது. ஐவர் சேர்ந்து எழுதிய அக்கட்டுரையின் முதல் ஆசிரியர் சி. மோகன். 1955இல் தமிழ்நாட்டில் பிறந்தவர்; சென்னை ஐ.ஐ.டி.யில் வேதிப் பொறியியல் படித்தவர். 1977இல் அமெரிக்கா சென்று, 1981இல் டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் கணினி அறிவியலில் முனைவர் பட்டம் பெற்று, ஐபிஎம் ஆய்வகத்தில் சேர்ந்தார். 1997இல் அந்நிறுவனத்தின் உயரிய 'ஃபெல்லோ' தகுதியைப் பெற்று, 2020இல் ஓய்வு பெற்றார்.

ஏரிஸ் முறையில் மீட்பு மூன்று சுற்றுகளாக நிகழ்கிறது.

1. ஆய்வு: நாட்குறிப்பைப் படித்து, சாய்ந்த நேரத்தில் எந்தப் பணிகள் முடிந்திருந்தன, எவை பாதியில் நின்றன, எந்தப் பக்கங்கள் வன்தட்டில் ஏறாமல் இருந்திருக்கலாம் என்று கணக்கெடுப்பது.

2. மறுசெயல்: நாட்குறிப்பில் உள்ளபடி விடுபட்ட மாற்றங்களை எல்லாம் மீண்டும் செய்வது. முடிந்த பணி, முடியாத பணி என்ற வேறுபாடு இங்கே பார்ப்பதில்லை. சாய்ந்த கணத்தில் எந்நிலையில் இருந்ததோ அந்நிலைக்கே ஏட்டைக் கொண்டுவருவது நோக்கம்.

3. நீக்கம்: முடியாமல் நின்ற பணிகளின் மாற்றங்களைப் பின்னோக்கி ஒவ்வொன்றாக அழிப்பது.

நம் மாணவனுக்கு வருவோம். கம்பர் வகுப்பில் பெயர் நீக்கப்பட்டு, வள்ளுவரில் சேர்க்கும் முன் சாய்ந்திருந்தால், இரண்டாம் சுற்றில் அவன் பெயர் மறுபடியும் நீக்கப்படும்; மூன்றாம் சுற்றில் அது திரும்பக் கம்பர் வகுப்பிலேயே சேர்க்கப்படும். பையன் பழைய வகுப்பில் பத்திரமாக இருப்பான்.

மீட்டுக்கொண்டிருக்கும்போதே மறுபடியும் மின்சாரம் போனால்? இதற்கும் ஏரிஸ் வழி வைத்திருக்கிறது. ஒவ்வொரு பக்கத்திலும், அது எந்தக் குறிப்பு வரை திருத்தப்பட்டது என்ற எண் பொறிக்கப்பட்டிருக்கும். ஆகவே செய்ததையே இரு முறை செய்யும் குழப்பம் நேராது. அழித்ததையும் நாட்குறிப்பில் எழுதிவைப்பதால், அழித்ததையே மீண்டும் அழிக்கும் குழப்பமும் இல்லை. மீட்பின்போது எத்தனை முறை விழுந்தாலும், விட்ட இடத்திலிருந்து தொடரலாம். ஐபிஎம்மின் டிபி2, மைக்ரோசாஃப்ட்டின் எஸ்கியூஎல் சர்வர் முதலிய பெரும் தரவுத்தளங்கள் இம்முறையின் வழி நடப்பவை.

போஸ்ட்மாஸ்டர் மறைந்தால்

இனி, தலைப்புக் கேள்விக்கு நேராக வருவோம். எடுத்துக்காட்டாக உலகெங்கும் பயன்படும் திறந்தமூலத் தரவுத்தளமான போஸ்ட்கிரெஸ்கியூஎல்லை எடுத்துக்கொள்கிறேன்.

1986இல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஸ்டோன்பிரேக்கர் தலைமையில் 'போஸ்ட்கிரெஸ்' என்று தொடங்கியது அது. வியப்பு என்னவெனில், தொடக்கத்தில் அது நாட்குறிப்பு முறையை விரும்பவில்லை. பழையதை அழிக்காமல் புதியதைப் பக்கத்திலேயே எழுதிவிட்டால் நாட்குறிப்பு தேவையில்லை என்பது அவர்கள் எண்ணம். ஆனால், ஒவ்வொரு பணியும் முடியும்போது மாறிய பக்கங்களை எல்லாம் வன்தட்டில் ஏற்ற வேண்டியிருந்ததால் வேகம் குன்றியது. 1996இல் இன்றைய பெயரைப் பெற்ற அத்திட்டம், 2001இல் வெளியான 7.1 பதிப்பில் நாட்குறிப்பு முறைக்கு மாறியது.

அதன் தலைமை நிரலுக்குப் பெயர் 'போஸ்ட்மாஸ்டர்'. அஞ்சல் நிலைய அதிகாரி என்று சிரித்துக்கொள்ளலாம். பணி நிரல்கள் எல்லாம் ஒரு பொது நினைவகத்தைப் பகிர்ந்துகொள்கின்றன. போஸ்ட்மாஸ்டரோ அதனை உருவாக்கிக் கொடுத்துவிட்டு, இயன்றவரை அதில் கை வைக்காமல் விலகி நிற்கிறது. பொது நினைவகம் குலைந்தாலும் தலைமை குலையாமல் நிற்க வேண்டும் என்பதற்காகவே இந்த ஏற்பாடு.

ஒரு பணி நிரல் திடீரென்று செயலிழந்தால் போஸ்ட்மாஸ்டர் என்ன செய்கிறது தெரியுமா? மற்றப் பணி நிரல்கள் அனைத்தையும் நிறுத்திவிடுகிறது! ஒருவர் விழுந்ததற்கு எல்லாரையும் வெளியேற்றுவதா என்று தோன்றும். ஆனால், விழுந்த நிரல் விழும் முன் பொதுக் கரும்பலகையில் எதைக் கிறுக்கியது என்று யாருக்கும் தெரியாது. அந்தக் கிறுக்கலை நம்பி மற்றவர்கள் பதிவேட்டில் படியெடுத்தால் ஏடே கெட்டுவிடும். எனவே கரும்பலகையை முற்றிலும் துடைத்துவிட்டு, நாட்குறிப்பிலிருந்து மீண்டும் தொடங்குகிறது.

போஸ்ட்மாஸ்டரே மறைந்தால் நிலைமை இன்னும் நுட்பமானது. பணி நிரல்கள் உயிரோடிருக்கும், தலைவர் இருக்கமாட்டார். தலைவர் போனது தெரியாமல் அவை வேலையைத் தொடர்ந்தால், அவற்றில் ஒன்று செயலிழக்கும்போது மற்றவற்றை நிறுத்த ஆளில்லை. முற்காலப் பதிப்புகளில் சில பணி நிரல்கள் அவ்வாறு தொடர்ந்து ஓடியதுண்டு. பிற்காலத்தில் அழகான ஓர் உத்தியைக் கையாண்டனர். போஸ்ட்மாஸ்டர் ஒரு குழாயின் ஒரு முனையைத் திறந்து பிடித்திருக்கும். பணி நிரல்கள் மறுமுனையைக் கவனித்துக்கொண்டிருக்கும். அக்குழாயில் செய்தி எதுவும் வராது. போஸ்ட்மாஸ்டர் எக்காரணத்தால் மறைந்தாலும் இயக்குதளம் அந்த முனையை மூடிவிடும். மூடிய கணமே மறுமுனையில் இருப்பவர்களுக்குச் செய்தி தெரிந்துவிடும். அவர்கள் வேலையை விட்டு வெளியேறுவார்கள்.

புதிய போஸ்ட்மாஸ்டர் வந்ததும் உடனே பொறுப்பேற்றுவிடாது. பழைய தலைவர் விட்டுச்சென்ற 'போஸ்ட்மாஸ்டர்.பிஐடி' என்ற சிறு கோப்பைப் படித்து, பழைய பொது நினைவகத்தை இன்னும் யாரேனும் பற்றிக்கொண்டிருக்கிறார்களா என்று சோதிக்கும். ஒருவர் இருந்தாலும் தொடங்க மறுத்துவிடும். ஏனெனில் பழைய கூட்டமும் புதிய கூட்டமும் ஒரே ஏட்டில் எழுதினால், ஒருவரை ஒருவர் அறியாமல் ஏட்டைப் பாழாக்கிவிடுவர். இச்சோதனையின் அருமையை அறிய ஒரு சான்று: 2013இல் வெளியான 9.3 பதிப்பில் பொது நினைவகத்தைப் பெரும்பாலும் வேறொரு முறைக்கு மாற்றினார்கள்; ஆனால் இந்தச் சோதனைக்காகவே பழைய முறையில் ஒரு சிறு துண்டை விட்டுவைத்தார்கள்.

இங்கே ஆபத்து மனிதர் வடிவில் வருகிறது. வழங்கி தொடங்க மறுக்கிறதே என்று பொறுமையிழந்த ஒருவர் அந்தச் சிறு கோப்பைக் கையால் அழித்துவிட்டால், காவல் தகர்ந்துவிடும். ஜிம் கிரே சொன்ன 42 விழுக்காட்டின் பொருள் இப்போது விளங்குகிறது.

மற்ற வழங்கிகள்

ஆரக்கிள் தரவுத்தளத்தில் காவல் பணியைப் பல பின்னணி நிரல்கள் பகிர்ந்துகொள்கின்றன. பயனருக்கான நிரல் ஒன்று இறந்தால் 'பிமான்' என்ற நிரல் துப்புரவு செய்யும். இன்றியமையாத பின்னணி நிரலே இறந்தால் முழு வழங்கியும் நிறுத்தப்பட்டு, அடுத்த தொடக்கத்தில் 'எஸ்மான்' என்ற நிரல் மீட்பை நடத்தும்.

மைஎஸ்கியூஎல் ஒரே பெரிய நிரலாக இயங்குவது. உள்ளே ஓரிடத்தில் கடும் பிழை நேர்ந்தால் முழுவதும் சாயும். அதைத் தூக்கி நிறுத்த 'மைஎஸ்கியூஎல்டி_சேஃப்' என்ற காவல் நிரல் பின்னால் நிற்கும். ஆனால், 2010 வரை அதன் இயல்பான சேமிப்பு முறையாக இருந்த மைஐசாமில் மீட்புக்கான நாட்குறிப்பு இல்லை. தூக்கி நிறுத்தினாலும் ஏடு பாதியில் கிழிந்திருக்கக்கூடும். 2000களில் இணையப் பக்கங்களை நடத்தியவர்களுக்கு, "அட்டவணை சிதைந்துள்ளது, பழுதுபார்க்க வேண்டும்" என்ற பொருள்படும் ஆங்கிலச் செய்தி நன்கு நினைவிருக்கும். 2010இல் வெளியான 5.5 பதிப்பு முதல், நாட்குறிப்பு உடைய இன்னோடிபி இயல்பானதாயிற்று.

2018: நம்பிக்கைக்கு விழுந்த அடி

இத்தனைக்குப் பிறகும் கதை முடியவில்லை. நாட்குறிப்பும் ஏடும் வன்தட்டில் ஏறிவிட்டன என்று வழங்கிக்குச் சொல்வது யார்? இயக்குதளம். "எழுதிவிட்டாயா?" என்று வழங்கி கேட்கும், "எழுதிவிட்டேன்" என்று இயக்குதளம் சொல்லும்.

2018இல் போஸ்ட்கிரெஸ்கியூஎல் உருவாக்குநர்கள் அதிர்ச்சி தரும் உண்மையை எதிர்கொண்டனர். லினக்ஸில், எழுதும்போது வன்தட்டில் பிழை நேர்ந்தால் முதன்முறை கேட்கும்போது "பிழை" என்று பதில் வரும். மறுமுறை கேட்டால், எழுதப்படாத அந்தப் பக்கங்கள் எழுதப்பட்டவையாகக் கருதப்பட்டு, "எல்லாம் நலம்" என்ற பதில் வரக்கூடும். வழங்கியோ, ஒரு முறை தவறினால் மறுமுறை முயன்று பார்க்கலாம் என்ற நம்பிக்கையில் எழுதப்பட்டிருந்தது. மறுமுறை வந்த பொய்யான நற்செய்தியை நம்பி, நாட்குறிப்பின் பழைய பகுதி இனித் தேவையில்லை என்று விட்டுவிடக்கூடும்.

தீர்வு என்ன தெரியுமா? 2019 பிப்ரவரியில் வெளியான திருத்தப் பதிப்புகள் முதல், இத்தகைய பிழை ஒரு முறை வந்தாலே போஸ்ட்கிரெஸ்கியூஎல் தானே விழுந்துவிடுகிறது. மறுமுறை கேட்பதே இல்லை. விழுந்து, எழுந்து, நாட்குறிப்பைப் படித்து, எழுத வேண்டியதை மறுபடி எழுதுகிறது. விழுவதே ஏட்டைக் காக்கும் வழி என்ற முடிவுக்கு அவர்கள் வந்தார்கள்.

நமக்கு இதில் என்ன?

"சர்வர் விழுந்துடுச்சு" என்பதை நாம் இழிவாகவே சொல்லிப் பழகிவிட்டோம். இவ்வரலாற்றைப் படித்தபின் என் பார்வை சற்று மாறியிருக்கிறது. ஐயம் வந்தவுடன் நின்றுவிடும் வழங்கி நம் பிள்ளைகளின் மதிப்பெண்ணைக் காக்கிறது. தவறோடு தொடர்ந்து ஓடும் வழங்கியே அஞ்சத்தக்கது. அரை மணி நேரம் காத்திருப்பது எரிச்சல்தான். ஆனால், 78 எடுத்த பிள்ளைக்கு 7 என்று காட்டும் ஏடு, அப்பிள்ளைக்கும் பெற்றோருக்கும் ஏற்படுத்தும் காயம் அரை மணியில் ஆறாது.

அதே வேளையில், வழங்கி எதை வாக்களிக்கிறது, எதை வாக்களிக்கவில்லை என்பதை ஆசிரியர்களாகிய நாம் அறிந்திருக்க வேண்டும்.

முதலாவது, "சேமிக்கப்பட்டது" என்ற செய்தி திரையில் வரும் வரை எந்த வாக்குறுதியும் இல்லை. தட்டியெழுதியது நம் திரையில் தெரிவதால் மட்டும் அது வழங்கியின் நாட்குறிப்பில் ஏறிவிட்டதாகப் பொருளில்லை. ஐம்பது பெயர்களை முடித்துவிட்டுச் சேமிப்பதைவிடப் பத்துப் பத்தாகச் சேமிப்பது நலம்.

இரண்டாவது, சேமிப்புப் பொத்தானை அழுத்தியதும் இணையம் அறுந்துவிட்டால், பதிவு ஏறியிருக்கவும் கூடும், ஏறாமல் இருக்கவும் கூடும். வழங்கி எழுதி முடித்து, பதில் மட்டும் வழியில் தொலைந்திருக்கலாம். ஆகவே மறுபடி அழுத்துமுன் உள்ளே சென்று பார்த்துவிட வேண்டும்.

மூன்றாவது மிக முக்கியமானது. நாட்குறிப்பு செயலிழப்பிலிருந்து காக்கும். நம் கைத்தவற்றிலிருந்து காக்காது. ஒரு வகுப்பின் பட்டியலையே தவறுதலாக அழித்துவிட்டுச் சேமித்தால், அந்த அழிப்பும் வாக்குறுதியோடு நிலைநிறுத்தப்படும். எத்தனை முறை விழுந்தெழுந்தாலும் அழிந்தது அழிந்ததாகவே இருக்கும். அதற்கு மருந்து, பழைய நாடாக் காலத்துத் தாத்தா, தந்தை, மகன் முறைதான். பள்ளியில் எக்செல் கோப்பில் மதிப்பெண் வைத்திருப்போர் இந்த வாரக் கோப்பு, போன வாரக் கோப்பு, அதற்கு முந்திய வாரக் கோப்பு என மூன்று படிகளை வெவ்வேறு இடங்களில் வைத்திருங்கள். தலைமுறைக்கு ஒரு படி இருந்தால், இந்த வாரம் அழித்ததைப் போன வாரத்திலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

அடுத்த மதிப்பெண் பதிவுக் காலத்தில் திரை உறைந்து நின்றால், பதற்றப்படாமல் ஒரு கோப்பைத் தேநீர் அருந்திவிட்டு வாருங்கள். அதற்குள் எங்கோ ஒரு வழங்கி தன் நாட்குறிப்பை வரிவரியாகப் படித்துக்கொண்டிருக்கும்.